அகஸ்ரினுடைய ஐந்து வருட விபத்து

அகஸ்ரினுடைய கார் விபத்து ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு யூன் மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் தொடங்கி, தொண்ணூற்றெட்டாம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் இன்னொரு சனிக்கிழமை பின்னேரம் முடிந்தது. அந்த ஐந்து வருடமும் கார் நிலத்தில் படவில்லை, அகஸ்ரினும் காரை விட்டு இறங்கவில்லை. முதல்முதலாகக் கேட்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். பிளக்கட்டும், நாங்களும் பிளந்தவர்கள்தான். இப்போது ஸ்காபரோவில் எந்தக் கல்யாண வீட்டில் இந்தப் பேச்செடுத்தாலும், "நான் அண்டைக்கு அங்கை நிண்டனான்" என்று நாலு பேர் நெஞ்சை நிமிர்த்துவார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் எல்லோரையும் கூட்டினால் ஸ்கைடோம் விளையாட்டரங்கே காணாது. உண்மையில் அன்றைக்கு அங்கே இருந்த தமிழ்ச் சனம் நாலே பேர். காருக்குள் அகஸ்ரின், தடத்தோரம் அவனுடைய காரைப் பார்த்துக்கொள்கிற மரியரட்ணம், பார்வையாளர் வாங்கில் அவன் மனிசி றோசலின், அவள் மடியில் ஐந்து மாதக் குழந்தை றெபேக்கா.

அகஸ்ரின் மன்னார் பேசாலைக்காரன். எண்பத்தாறில் வந்து பார்க்டேலில் ஓர் அறைக்குள் ஏழு பேரோடு படுத்தெழும்பி, பிறகு ஸ்காபரோவில் கார் நெளிவெடுக்கிற கராஜ் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தவன். கராஜ் முதலாளி ஒரு வயதான வெள்ளைக்காரர். ஐம்பதுகளில் கார் ஓட்டப் போட்டிகளில் ஓடி, இடுப்பு உடைந்து, ஓட்டத்தை விட்டவர். அவருடைய அந்த நாள் கார், மஞ்சள் நிறம், இரண்டு கதவு, கராஜின் பின்பக்கம் தார்ப்பாயின் கீழ் கிடந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதைத் தட்டித் தட்டி அகஸ்ரின் உயிர் கொடுத்துவிட்டான். "நீயே ஓடு" என்று கிழவர் சொன்னார். பிக்கரிங்குக்கு வடக்கே, சோள வயல்களுக்கு நடுவில், மூன்று தரம் சுற்றினால் ஒரு மைல் வருகிற முட்டை வடிவத் தடம் ஒன்று இருந்தது. அங்கே சனிக்கிழமைகளில் பழைய கார்க் கழகத்தார் பழைய கார்களை ஓட்டுவார்கள். அந்தக் காலத்தில் எப்படி ஓடினார்களோ அப்படியே ஓட வேண்டும், அதுதான் அவர்களின் வேதம். பாதுகாப்புக் கம்பி என்று தண்ணீர்க் குழாயை வளைத்துக் கூரைக்குக் கீழே பூட்டியிருப்பார்கள். ஹெல்மெற் பாதித் தேங்காய்ச் சிரட்டை மாதிரி உச்சியில் மட்டும் குந்தியிருக்கும். இருக்கை பெல்ற் என்பது இரண்டாம் உலகச் சண்டை முடிந்து ஏலத்தில் விட்ட விமானம் ஒன்றிலிருந்து கழற்றிய கன்வஸ் நாடா. அது அகஸ்ரினை விட வயதில் மூத்தது, அதுவும் இடுப்புக்கு மட்டும்.

றோசலின் முதல்முறை அந்த நாடாவைக் கையில் பிடித்துப் பார்த்தபோதே இது தாங்காது என்று சொல்லிவிட்டாள். ஏனென்றால் அவளுடைய வேலையே பெல்ற் தைப்பதுதான். வோர்டன் வீதிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், காலை ஏழிலிருந்து மூன்று வரை, புதுக் கார்களுக்குப் போகிற இருக்கை பெல்றுகளை மெஷினில் தைப்பவள் அவள். எந்தத் தையல் எவ்வளவு இழுவைக்குத் தாங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். சூப்பர்வைசரிடம் கேட்டு அகலமான நல்ல நாடா வாங்கி, மதிய நேரங்களில் உட்கார்ந்து, புருசனுக்கு ஒரு பெல்ற் தைத்தாள். தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, கவட்டுக்குள்ளால் ஒன்று, ஐந்தும் நெஞ்சுக்குக் கீழே ஒரே பூட்டில் வந்து கொழுவும். தொழிற்சாலையிலேயே அதைப்போல ஒன்று யாரும் தைத்ததில்லை. தைத்து முடித்து, பொலித்தீன் பையில் போட்டு, வீட்டில் மடு மாதா சுருவத்தின் காலடியில் வைத்தாள். அங்கேதான் பிழை நடந்தது. எங்கள் சனத்துக்குப் புதுச் சாமான் வாங்கினால் அதைப் பாவிக்க மனம் வராது. சோபாவைப் பொலித்தீன் கழற்றாமல் பத்து வருடம் இருப்போம். அதிலும் இது உயிர் காக்கிற சாமான். ஓகஸ்ட் மாதம் மாதா திருநாளுக்கு எல்லோரும் பஸ் பிடித்து மிட்லண்டுக் கோயிலுக்குப் போகும்போது, சுவாமியார் மந்திரித்துத் தந்தபிறகு பூட்டலாம் என்று அவள் முடிவெடுத்துவிட்டாள். அந்தச் சனிக்கிழமை காலையிலும் அகஸ்ரின் கேட்டான்.

"இஞ்சை, இண்டைக்கு உதைப் பூட்டட்டே?"

"விசரே உங்களுக்கு? மாதாவுக்கு முன்னாலை வைச்ச சாமானை மந்திரிக்க முன்னம் எடுக்கிறதோ?"

அவன் சிரித்துப்போட்டுக் குழந்தையைக் கொஞ்சினான். பெல்ற் பொலித்தீனுக்குள்ளேயே கிடந்தது.

பின்னேரம் ஓட்டத்தில், மூன்றாவது வளைவில், முன்னால் போன நீலக் கார் வழுக்கிக் குறுக்கே திரும்ப, அகஸ்ரினுடைய முன்சில்லு அதன் பின்சில்லில் ஏறியது. சில்லில் சில்லு ஏறினால் கார் பறக்கும் என்பது ஓட்டக்காரர் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. மஞ்சள் கார் பறந்தது. ஓர் ஆளுயரத்துக்கும் மேலே, மூக்கு சீமெந்துச் சுவரைப் பார்த்தபடி, ஒரு பக்கம் சரிந்து எழும்பியது. றோசலின் குழந்தையின் தலையை நெஞ்சோடு அமத்திக்கொண்டு கண்ணை இறுக்கி மூடினாள். சத்தம் வரும் வரும் என்று பார்த்தாள், வரவில்லை. கண்ணைத் திறந்தபோது கார் அங்கேயே நின்றது. காற்றிலே. அதைச் சுற்றி எழும்பின புழுதியும், உடைந்த முன்விளக்கின் கண்ணாடித் துண்டுகளும் அப்படி அப்படியே நின்றன. மற்றக் கார்கள் அதற்குக் கீழால் ஒரு சுற்று ஓடி வந்த பிறகுதான் கொடிக்காரனுக்குச் சிவப்புக் கொடி ஞாபகம் வந்தது. ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். அவ்வளவு பேர் இருந்த இடத்தில் ஒரு குழந்தை விக்கல் எடுத்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அது றெபேக்கா.

தீயணைக்கும் படை வந்தது. கூரையை வெட்டி ஆளை எடுப்போம் என்று ஏணி வைத்து ஏறி, மின்வாளைக் கூரையில் வைத்தார்கள். வாள் தகட்டுக்குள் போனதும் சத்தம் அடங்கி, பல்லுப் பல்லாக எண்ணக்கூடிய மாதிரி மெல்லச் சுற்றத் தொடங்கியது. இழுத்தும் வரவில்லை. அந்த வாள் ஐந்து வருடமும் அங்கேதான் இருந்தது. பிறகு பல்கலைக்கழகத்து ஆட்கள் அளவுகோல், கமரா எல்லாம் கொண்டுவந்து ஒரு கிழமை தங்கினார்கள். அவர்கள் சொன்னது இதுதான். கார் நிற்கவில்லை, போகிறது. நாளொன்றுக்குத் ஒரு நெல்மணித் தடிப்பளவு. சுவருக்குப் போய்ச் சேர ஐந்து வருடம் மட்டில் பிடிக்கும். உள்ளே இருக்கிறவன் சாகவில்லை, விபத்தின் நடுவில் இருக்கிறான். அவனை வெளியே இழுத்தெடுத்தால், கார் ஓடின வேகம் அவனோடேயே வெளியே வரும், ஆள் துண்டு துண்டாய்ப் போவான். சுவரை உடைத்தால் கார் அப்பால் உள்ள பள்ளத்தில் உருண்டு போகும், அது இன்னும் மோசம். ஆகவே சுவர் இருக்கட்டும், அவன் உள்ளேயே இருக்கட்டும், மோதும்போது அவனைப் பிடித்து வைக்க நல்ல சாமான் இருந்தால் தப்புவான். காப்புறுதிக்காரர் வந்து, விபத்து இன்னும் நடந்து முடியவில்லை, முடிந்தபிறகு அறிவியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதெல்லாம் றோசலினுக்குப் பிறகு சொல்லித் தெரிந்த கதை. அவள் அப்போது அங்கே இருக்கவில்லை, அல்லது அங்கேதான் இருந்தாள், எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். விபத்தன்று பின்னேரமே, மோர்னிங்சைட்டிலிருந்து பதறியடித்து ஓடிவந்த தமக்கை கிளடிசின் கையில் குழந்தையைக் கொடுத்துவிட்டு, ஏணியில் ஏறினாள். ஒருவரும் அவளைத் தடுக்கவில்லை, தடுக்க வேண்டும் என்று அப்போது தெரியாது. யன்னலுக்குள்ளால் தலையை விட்டாள். அகஸ்ரின் கண்ணை அகலத் திறந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கீழ் உதட்டில் பல்லுப் பட்டு ஒரு சொட்டு இரத்தம். "இஞ்சேருங்கோ" என்று கூப்பிட்டு அவன் கன்னத்தில் கைவைத்தாள். சூடாக இருந்தது. பெற்றோல் மணத்தோடு ஒரு மூச்சு இழுத்தாள். உயிர் இருக்குது எண்டு மரியரட்ணம் அண்ணைக்குச் சொல்லுவம் என்று தலையை வெளியே எடுத்தாள். மைதானம் முழுக்கப் பனி.

அவளைச் சுற்றிப் பலகையால் ஒரு கூடு அடித்திருந்தது. தோளில் யாருடையதோ ஒரு தடித்த கோட். கீழே கதிரையில் இருந்த மரியரட்ணத்துக்குத் தாடி வளர்ந்திருந்தது. அவள் அசைந்ததைக் கண்டதும் மனுசன் கதிரையோடு பின்னால் விழுந்தார்.

"பிள்ளைக்குப் பால் குடுத்தாச்சோ அண்ணை?" என்று அவள் மேலே இருந்து கேட்டாள்.

அது டிசெம்பர் மாதம். தலையைக் காருக்குள் விட்டவர் முழு ஆளாகக் காரின் நேரத்துக்குப் போய்விடுவார் என்பதை அந்த ஆறு மாதத்தில்தான் எல்லோரும் கண்டுபிடித்தார்கள். கையை மட்டும் விட்டால் கை மரத்துப்போகும், அவ்வளவுதான். உள்ளே ஒரு மூச்சென்றால் வெளியே மாதக்கணக்கு. வருகிறவருக்கு ஒரு கணக்கு, அகஸ்ரினுக்கு ஒரு கணக்கு என்று இருந்ததைப் பல்கலைக்கழகத்து ஆட்களாலும் விளங்கப்படுத்த முடியவில்லை. ஒக்ரோபரில் பேஸ்போலில் வென்று முழு நகரமும் விடிய விடியக் கோர்ன் அடித்ததையும் அவள் கேட்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். விபத்தன்று மத்தியானம் கட்டின பால் நெஞ்சில் விண்விண் என்று தெறித்தது. பால் குடிக்க வேண்டிய பிள்ளை சோறும் பருப்பும் தின்றுகொண்டு, கதிரையைப் பிடித்து நடந்துகொண்டு, இவளைக் கண்டதும் வீரிட்டு "ம்மா" என்று கத்திக் கிளடிசின் பாவாடைக்குள் ஒளிந்தது. றோசலின் குசினிக்குள் போய், சிங்க் ஓரத்தில் நின்று பாலைப் பீய்ச்சி ஊற்றினாள். பைப்பைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதாள்.

கிளடிஸ் இரண்டு பெடியன்களைப் பெற்று, இனிப் பிள்ளை வளர்க்கிற வேலை முடிஞ்சுது என்று மூச்சு விட்டிருந்தவள். வாய் பொல்லாதது. "எனக்கென்ன தலையெழுத்தோ, ஊர்ப் பிள்ளையெல்லாம் என்ர இடுப்பிலை" என்று ஒவ்வொரு நாளும் புறுபுறுத்துக்கொண்டே றெபேக்காவைக் குளிப்பாட்டுவாள், புறுபுறுத்துக்கொண்டே சோறு தீத்துவாள், காய்ச்சலென்றால் கண்மூடாள். றோசலின் பிள்ளையைத் திரும்ப எடுத்தது இலேசில் நடக்கவில்லை. முதலில் ஒரு பொம்மை, பிறகு ஒரு மடி, பிறகு ஒரு படுக்கை என்று மெல்ல மெல்ல எடுத்தாள். தொண்ணூற்றுநாலு கோடையில்தான் பிள்ளை இவளை அம்மா என்றும் கிளடிசைப் பெரியம்மா என்றும் கூப்பிடத் தொடங்கியது. அதற்குள் கார் சனத்துக்குப் பழகிவிட்டது. தொலைக்காட்சிக்காரர் இரண்டு கிழமை நின்றுபார்த்துவிட்டு, நெல்மணியளவு அசைகிறது செய்தியாகாது என்று போய்விட்டார்கள். கழகத்தார் மூன்றாவது வளைவில் மட்டும் கூம்பு வைத்து, கீழால் ஓட்டத்தை நடத்தினார்கள். தமிழ்ச் சனம் ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டுப் பார்சலோடு வந்து பார்த்தது. ஒருவர் தேங்காய் உடைத்தார். சுவாமியார் ஏணியில் ஏறி, தலையை உள்ளே விடாமல் கவனமாக, மந்திரித்த தண்ணீரைத் தெளித்தார். தண்ணீர்த் துளிகள் யன்னலைத் தாண்டியதும் காற்றில் நின்றன. அவை அகஸ்ரினுடைய முகத்தில் போய்ப் பட்டது தொண்ணூற்றேழாம் ஆண்டு.

றோசலின் ஒவ்வொரு ஞாயிறும் போவாள், ஏணியில் ஏறுவாள், யன்னலுக்குக் கிட்டப் போகாமல் காரின் கதவுத் தகட்டில் காதை மட்டும் வைப்பாள். அப்படித்தான் அந்தச் சத்தத்தைக் கேட்டாள். மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ, "டிக்" என்று. கழுத்துச் சங்கிலி அறுந்ததைப்போல அவளுக்குத் திக்கென்றது. நூல் அறுகிற சத்தம் அவளுக்குத் தெரியாததா? அகஸ்ரினுடைய உடம்பு மெல்ல மெல்ல முன்னால் தள்ளப்பட, இடுப்பில் இருந்த அந்தக் கிழட்டுக் கன்வஸ் நாடா இழை இழையாக அறுந்துகொண்டிருந்தது. சுவருக்குப் போகு முன்னமே அது முழுதாய் விட்டுவிடும். விட்டால் ஆள் சுக்கானில் நெஞ்சைக் கொடுத்து, கண்ணாடியால் தலையைக் கொடுத்து வெளியே போவான். மரியரட்ணமும் காதை வைத்துக் கேட்டார். "தங்கச்சி, உந்தப் பெல்றைப் பூட்டத்தான் வேணும்" என்றார். "அண்டைக்கு அவர் கேட்டவர் அண்ணை" என்றாள் றோசலின்.

கழகத்துச் செயலாளர் குறுக்கே வந்தார். ஓட்டம் முடியவில்லை, ஓட்டத்தின் நடுவில் சாமான் மாற்ற விதியில்லை, அதுவும் இது இந்தக் காலத்துப் பெல்ற் என்றார். றோசலின் அவரை மேலும் கீழும் பார்த்து, "உன்ர பழைய காலத்தை உன்ர இடுப்பிலை கட்டடா, கட்டையிலை போவான்" என்றாள். நன்றி சொல்கிறா என்று மரியரட்ணம் மொழிபெயர்த்தார். செயலாளருக்கு மனம் இளகி, சரி என்றுவிட்டார்.

தோள் நாடா இரண்டையும் கட்ட, இருக்கைக்குப் பின்னால் ஒரு குறுக்குக் கம்பி ஒட்ட வேண்டும். அதை மரியரட்ணம்தான் செய்தார். தொண்ணூற்றைந்து ஏப்ரலில் வெல்டிங் முகமூடியைப் போட்டுக்கொண்டு பின்யன்னலால் தலையை விட்டார். இரண்டு முனையிலும் ஒட்டி, ஊதிப் பார்த்து, தலையை எடுத்தபோது தொண்ணூற்றாறு ஜனவரி. அவர் யாழ்ப்பாணம் பாசையூர்க்காரர். உள்ளே போகும்போது தாய் பாசையூரில் இருந்தா. வெளியே வந்தபோது பாசையூரில் ஒருவரும் இல்லை. ஒக்ரோபர் முடிவில், ஆமி வருகிறதென்று, ஒரே இரவில் முழு யாழ்ப்பாணமும் பெட்டியும் சட்டியுமாக மழைக்குள் வெளிக்கிட்டுப் போயிருந்தது. மனுசன் முகமூடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு, "என்ன எல்லாரும் ஒரு மாதிரி நிக்கிறியள்?" என்று கேட்டார். எங்கே இருந்து தொடங்கிச் சொல்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை. தாய் கிளிநொச்சிக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் இருக்கிறா என்று மார்ச்சில்தான் தகவல் வந்தது. அது வரைக்கும் அவர் வேலைக்குப் போகவில்லை, கம்பி ஒட்டினதைப் பற்றி ஒரு சொல் குறை சொல்லவும் இல்லை.

அடுத்தது றோசலினுடைய முறை. கம்பி இருந்தது, பெல்ற் இருந்தது. ஐந்து நாடாவையும் சுற்றி எடுத்துப் பூட்டில் கொழுவக் குறைந்தது நாலைந்து மூச்சுப் பிடிக்கும் என்றார்கள். அப்படியென்றால் இரண்டு வருடத்துக்கு மேலே. பிள்ளைக்கு அப்போது மூன்று வயது நிரம்பி, மழலை போய், கேள்வி கேட்கிற பருவம். றோசலின் ஒரு அரிசி மூட்டையைக் குசினிக் கதிரையில் இருத்தி, அதற்குப் பெல்ற் பூட்டிப் பழகினாள். கண்ணைக் கட்டிக்கொண்டு பூட்டினாள். மூச்சை அடக்கிக்கொண்டு பூட்டினாள். தொழிற்சாலையில் ஒரு துண்டுக்கும் மற்றத் துண்டுக்கும் இடையில் கை எப்படி வீணாகாமல் போக வேண்டும் என்று அவளுக்குப் பழக்கம் இருந்தது, அதை எல்லாம் அரிசி மூட்டையில் காட்டினாள். ஒரு மூச்சைக் குறைத்தால் பிள்ளையின் ஐந்தாறு மாதம் மிச்சம். றெபேக்கா பக்கத்தில் நின்று, அரிசி மூட்டைக்கு மார்க்கரால் கண்ணும் வாயும் கீறி, அதை "அப்பா" என்றாள்.

கிளடிஸ் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் குசினி வாசலில் நின்று கையை விரித்துக் கத்தினாள்.

"நீ போனால் உது என்ர பிள்ளை. பிறகு வந்து திருப்பிக் கேக்கக் கூடாது. ஒருக்கால் பிடுங்கித் தந்தனான், எனக்கும் நெஞ்சிருக்கு."

"கேக்கமாட்டன் அக்கா."

"மனிசன் வேணுமோ, பிள்ளை வேணுமோ எண்டு யோசி."

"பிள்ளைக்கு நீ இருக்கிறாய். அவருக்கு ஆர் இருக்கினம்?"

மே மாதம் ஒரு ஞாயிறு, பிள்ளை நித்திரையாய்க் கிடக்கும்போது, கிளடிசே றோசலினைத் தடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சுவாமியார் மந்திரிக்கிறதுக்குத் தண்ணீரோடு வந்து நின்றார். "பிறகு பாப்பம் சுவாமி" என்று சொல்லிவிட்டு றோசலின் பொலித்தீனைப் பல்லால் கிழித்தாள்.

உள்ளே போனதும் முதலில் தெரிந்தது அவன் முகம். அவள் விட்டுவிட்டுப் போன அதே முகம், அதே சொட்டு இரத்தம், இப்போது அது உதட்டை விட்டு இறங்கி நாடிக்குப் பக்கத்தில். தோள் நாடாவைக் கம்பியில் சுற்றி முன்னால் இழுத்தாள், இடப்பக்கம், வலப்பக்கம். அரிசி மூட்டை அசையாது, மனுசன் அசைந்தான். அவன் நெஞ்சு அவளுடைய கைக்குள் மெல்லப் பொங்கி வந்துகொண்டிருந்தது. பழைய நாடா அவள் காதுக்குக் கிட்ட டிக், டிக் என்றது, உள்ளே அது அடுத்தடுத்துக் கேட்டது. இடுப்பு நாடா இரண்டையும் எடுத்தாள். கவட்டுக்குள்ளால் வருகிறது அவனுடைய தொடைக்குக் கீழே சிக்கிக்கொண்டது. அரிசி மூட்டைக்குத் தொடை இருக்கவில்லை, அதை யார் நினைத்தது! ஐயோ மாதாவே என்று ஒரு மூச்சு அதிகமாக இழுத்துவிட்டாள். இழுத்த கணமே அது எவ்வளவென்று அவளுக்குத் தெரிந்தது. பிள்ளை பள்ளிக்கூடம் தொடங்குகிற மாதங்கள் அந்த மூச்சோடு போயின. நாடாவை உருவி எடுத்துக் கொழுவினாள். ஐந்தும் பூட்டில் போய் விழுந்தன. எல்லாவற்றையும் இழுத்து இறுக்கினாள். தொழிற்சாலையில் கடைசியாக ஒருதரம் இழுத்துப் பார்ப்பதைப்போல இழுத்துப் பார்த்தாள். தலையை எடுத்தாள்.

தொண்ணூற்றெட்டு ஓகஸ்ட். வெளியே மரியரட்ணம் சுவரில் அடுக்கிய பழைய ரயர்களுக்கும் காருக்கும் இடையில் இப்போது ஒரு உள்ளங்கை இடைவெளிதான் இருந்தது. ஏணியின் அடியில் கிளடிஸ், தலைமயிர் பாதி நரைத்து, வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு நெட்டைப் பிள்ளை, முன்பல்லு இரண்டும் விழுந்து, பள்ளிக்கூடப் பையோடு. றோசலின் ஏணிப் படியிலேயே இருந்துவிட்டாள்.

"ஹை சின்னம்மா. ஆர் யூ ஓகே?" என்று பிள்ளை கேட்டது.

கிளடிசின் பெடியன்களுக்கு றோசலின் சின்னம்மா. பெடியன்களோடு வளர்ந்த பிள்ளைக்கும் அதுதான் வாயில் வந்தது. கிளடிஸ் ஒவ்வொரு ஞாயிறும் பிள்ளையைக் கூட்டி வந்து, ஏணியில் பாதி உடம்பாய் நிற்கிறவளைக் காட்டி, உதுதான் உன்ர அம்மா என்று சொல்லாத நாளில்லை. பிள்ளை தலையாட்டும். தலையாட்டிவிட்டு, "அம்மா, பசிக்குது" என்று கிளடிசிடம்தான் சொல்லும். "உப்பிடிக் கூப்பிடக் கூடாது, பிள்ளை!" என்று கிளடிஸ் இப்போதும் அதட்டினாள். றோசலின் இறங்கி வந்து தமக்கையின் வாயைப் பொத்தினாள். "விடு அக்கா. வாயிலை வந்ததைக் கூப்பிடட்டும்" என்றாள். நெஞ்சுக்குள் என்ன நடந்தது என்று அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை, கேட்கிற துணிவு எங்கள் ஒருவருக்கும் இருக்கவில்லை.

செப்ரெம்பரில் அந்தச் சனிக்கிழமை, நாடு முழுக்கத் திரண்டு வந்தது போல ஒரு சனம். பின்னேரம், கன்வஸ் நாடாவின் கடைசி இழை அறுந்தது, எல்லோருக்கும் கேட்டது. அதே கணம் ஐந்து வருடச் சத்தமும் ஒன்றாக வந்தது. காரின் மூக்கு ரயர்களுக்குள் புகுந்து, சுவரில் நொறுங்கி, தீயணைப்புக்காரரின் வாள் கூரையைக் கிழித்துக்கொண்டு எகிறி, கண்ணாடித் துண்டுகள் மழையாய்க் கொட்டி, கார் நிலத்தில் குந்தியது. றோசலின் இந்தமுறை கண்ணை மூடவில்லை. ஐந்து நாடாவும் இறுகினதை அவள் கண்ணால் கண்டாள். ஒரு தையலும் விடவில்லை. புழுதி அடங்க முன்னமே பூட்டைத் தட்டித் திறந்துகொண்டு அகஸ்ரின் யன்னலால் இறங்கி வந்தான், முகம் முழுக்கத் தண்ணீர், நாடியில் ஒரு சொட்டு இரத்தம், வேறு காயமில்லை. வந்தவன் ஹெல்மெற்றைக் கழற்றி நிலத்தில் அடித்து, அந்த நீலக் கார்க்காரன் எங்கே என்று கத்தினான். பிறகு சுற்றிப் பார்த்தான். சனத்தைப் பார்த்தான், மரியரட்ணத்தின் வழுக்கையைப் பார்த்தான், கிளடிசின் நரையைப் பார்த்தான். கடைசியாக றோசலினிடம் வந்து, அவளுடைய வெறும் கைகளைப் பார்த்தான்.

"பிள்ளை எங்கை?"

அவள் காட்டினாள். அவன் அந்தப் பல்லு விழுந்த பிள்ளையைப் பார்த்தான், பிறகும் றோசலினுடைய கைகளைப் பார்த்தான். அவனுக்கு அது அன்றைக்குக் காலையில் கொஞ்சிவிட்டு வந்த குழந்தை. இரண்டு கையாலும் ஒரு சின்ன அளவைக் காட்டி, "இவ்வளவு... இவ்வளவுதானே" என்றான். அப்படியே தாரில் இருந்துவிட்டான். அவ்வளவு பெரிய விபத்திலிருந்து கீறல் இல்லாமல் வந்தவனை அந்த இடத்திலிருந்து எழுப்ப மூன்று பேர் வேண்டியிருந்தது.

தொண்ணூற்றொன்பது ஜனவரியில் றெபேக்காவுக்கு ஆறாவது பிறந்தநாள். மோர்னிங்சைட் கட்டடத்தின் கீழ் மண்டபத்தில் நூற்றைம்பது பேர், வீடியோ, ரோல்ஸ், கட்லற், எல்லாம் வழக்கம்போல. அகஸ்ரின் பழைய வேலைக்கே திரும்பப் போய்விட்டிருந்தான். ஐந்து வருடம் எங்கே போயிருந்தாய் என்று கேட்டால், எங்கும் போகவில்லை என்று சொல்லிப் பழகியிருந்தான், சனமும் அதை ஏற்றுக்கொண்டது. கேக் வெட்டினால் முதல் துண்டு தாயின் வாயில், அது எங்கள் வழக்கம், வீடியோக்காரர் அதற்காகவே கமராவைத் தோளில் ஏற்றுவார். பிள்ளை கத்தியை வைத்துவிட்டுத் துண்டைக் கையில் எடுத்தது. கிளடிசும் றோசலினும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். பாட்டு நின்றது, மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. கிளடிஸ் பின்னால் நகரப் பார்த்தாள். றோசலின் தமக்கையின் முழங்கையைப் பிடித்து, நகரவிடாமல் நிறுத்தினாள். பிள்ளை கிளடிசின் வாயில் கேக்கை வைத்தது. கிளடிஸ் மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அழுதாள். சனம் கை தட்டியது, கொஞ்சம் பிந்தித்தான் தட்டியது.

இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டு பிள்ளை திரும்பியது. "சின்னம்மா, ஆ காட்டுங்கோ" என்றது. றோசலின் குனிந்து வாயைத் திறந்தாள். மெதுவாக மென்று, நல்லாயிருக்கு குஞ்சு என்று சொல்லி, பிள்ளையின் விரலில் ஒட்டியிருந்த ஐசிங்கையும் துடைத்துவிட்டாள். மூன்றாவது துண்டு அகஸ்ரின் சித்தப்பாவுக்குப் போனது.